மோரிஸ் மைனரின் கண்கள்

புக்கிட் ரோத்தான் பட்டறையில் மோரிஸ் மைனர் 1000க்கு ஹாலோஜன் விளக்கு மாட்டச் சொன்னேன். "ஒரிஜினலக் கெடுத்துடாதீங்க தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன்.

எது ஒரிஜினல்? 1948இல் வந்த மைனருக்கு விளக்குகள் கிரில்லுக்குள், தாழ்வாக இருந்தன. அமெரிக்காவின் உயர விதிக்காகத்தான் அவை மட்கார்டுக்கு மேலேறின. 1951க்குள் எல்லா வண்டிகளுக்கும் அதுவே முகம். தோட்டத்துக் கிராணி கார் என்றதும் நம் நினைவுக்கு வருவது இந்தத் திருத்திய முகம். சட்டம் மாற்றினால் வரலாறு, நான் மாற்றினால் கெடுதலா?

அண்ணன் அதற்குப் பதில் சொல்லவில்லை. டைனமோவைக் காட்டினார். முழு வேகத்தில் 22 ஆம்பியர். 60 வாட் பல்பு ரெண்டும் 10 தின்னும். செம்மண் சாலையில் ஊர்ந்தால் அந்த 22ம் வராது.

"ரிலே போடுவோம், பழைய சுவிட்சு தாங்காது" என்றார்.