பைத்தானில் டிக்‌ஷனரித் திறவுகோல்களை மாறிகளாக்குதல்

பைத்தான் நிரல்மொழியில், டிக்‌ஷனரி ஒன்றின் திறவுகோல்களை மாறிப் பெயர்களாகவும் அவற்றின் மதிப்புகளை அம்மாறிகளின் மதிப்புகளாகவும் நிரல் ஓடும்போதே உருவாக்கும் முறை இது. கோப்பிலிருந்து வரும் தரவைச் சுருக்கமான பெயரால் அழைக்கப் பலர் இதை நாடுகின்றனர். எனினும் பெரும்பாலான நிரல்களுக்கு டிக்‌ஷனரியை அப்படியே வைத்திருப்பதே நல்லது.

செயல்படும் விதம்

மாட்யூல் ஒன்றின் பொது மாறிகள் ஒரு டிக்‌ஷனரியில்தான் இருக்கின்றன. 'குளோபல்ஸ்' என்னும் செயற்கூறு அதையே எடுத்துத் தருகிறது. அதனுடன் நம் டிக்‌ஷனரியைச் சேர்த்தால் திறவுகோல்கள் மாறிகளாகிவிடும். செயற்கூறின் உள்ளே இது நடவாது. அங்குள்ள மாறிகளுக்கு நிரல் தொகுக்கப்படும்போதே இடம் ஒதுக்கப்படுவதால், 'லோக்கல்ஸ்' தரும் டிக்‌ஷனரியில் எழுதுவது அவற்றை மாற்றுவதில்லை. 2024இல் வெளியான 3.13 பதிப்பில், செயற்கூறுக்குள் 'லோக்கல்ஸ்' ஒவ்வோர் அழைப்புக்கும் தனி நகலையே தருகிறது.

பெயர்ச் சிக்கல்கள்

 எடுத்துக்காட்டாக, லண்டனின் சட்டன் பரோவில் உள்ள ஊர்களைத் திறவுகோல்களாகக் கொண்ட டிக்‌ஷனரி ஒன்றைக் கொள்வோம். 2008இல் வந்த பைத்தான் 3 முதல் தமிழ்ச் சொல்லும் மாறியாகலாம் என்பதால் 'சட்டன்', 'சீம்' தடையின்றி அமையும். 'வொர்செஸ்டர் பார்க்' இடைவெளி உடையது. உள்ளே சேர்ந்தாலும் நிரலில் மாறியாக எழுத இயலாது.

'ரோஸ்ஹில்' இன்னும் நுட்பமானது. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். நிரலில் எழுதும் பெயரைப் பைத்தான் ஒற்றைக் குறி வடிவுக்கு மாற்றிக்கொள்கிறது. டிக்‌ஷனரியின் திறவுகோலை மாற்றுவதில்லை. ஆகவே தரவு இரட்டைக் குறியோடு வந்தால், அந்த மாறி இல்லை என்ற பிழை எழும். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். தமிழ்த் தரவை 'யூனிகோட்டேட்டா' மாட்யூலால் முதலில் சீராக்குவது அவசியம்.

'லிஸ்ட்', 'சம்' போன்ற உள்ளமைந்த பெயர்கள் ஆங்கில எழுத்தில் திறவுகோலாக வந்தால், அவற்றின் இயல்பான பொருளை மறைத்துவிடும். நம்பத்தகாத தரவு நம் செயற்கூறுகளையே மேலெழுதவும் கூடும்.

மாற்று வழிகள்

புள்ளியிட்டு அழைக்கும் வசதி வேண்டுவோருக்கு, 2012இல் வந்த 3.3 பதிப்பின் 'சிம்பிள்நேம்ஸ்பேஸ்' உதவும். பெயர்கள் தனி இடத்தில் அடங்குவதால் மற்றவற்றோடு மோதா. புலங்கள் முன்கூட்டியே தெரிந்தால் 3.7இன் 'டேட்டாகிளாஸ்' பொருந்தும். எந்தெந்தப் பெயர்கள் வரும் என்பதைத் தரவுதான் தீர்மானிக்கிறது என்றால், டிக்‌ஷனரியே அவற்றுக்கு உரிய இடம்.