குவாட் பைக் சவாரி: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

நான்கு அகன்ற சக்கரங்களும் மோட்டார் சைக்கிளில் உள்ளதைப் போன்ற கைப்பிடியும் கொண்ட திறந்த வாகனம் குவாட் பைக் ஆகும். சுற்றுலாத் தலங்களில் இது ஏ.டி.வி. என்றும் அழைக்கப்படுகிறது. மூணாறு, மணாலி, கோவா போன்ற இடங்களில், வழிகாட்டி ஒருவர் முன்செல்ல, பயணிகள் மண்பாதைகள், தோட்டங்கள், ஆற்றங்கரைகள் வழியே இவ்வாகனங்களை ஓட்டிச் செல்கின்றனர்.

குடும்பச் சுற்றுலாவில் இச்சவாரி பெரும்பாலும் முன்திட்டமின்றி முடிவு செய்யப்படுகிறது. அக்குடும்பத்தில் இதய நோயாளி, நீரிழிவு நோயாளி, கர்ப்பிணி, முதியவர் எவரேனும் இருக்கலாம். வழிகாட்டி பாதையை அறிந்தவர். உங்கள் உடல்நிலையை அறிந்தவர் அல்லர். ஆகவே சவாரி செய்யலாமா, வேண்டாமா என்பதை நீங்களும் உங்கள் மருத்துவருமே முடிவு செய்ய வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் மயிலாடி போன்ற ஊர்களிலிருந்து சுற்றுலா செல்வோரையும், நாஞ்சில்நாட்டைப் போன்ற நெல்வயல் பகுதிகளுக்கு வரும் பயணிகளையும் கருத்தில் கொண்டு இத்தகவல்கள் தொகுக்கப்பட்டுள்ளன.

குவாட் பைக் ஏன் கவிழ்கிறது?

நான்கு சக்கரங்கள் இருப்பதால் இது காரைப் போல நிலையானது என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. இவ்வாகனத்தின் அகலம் குறைவு. தரையிலிருந்து இதன் உயரம் அதிகம். சரிவிலும் திருப்பத்திலும் ஓட்டுநர் தம் உடல் எடையை மேட்டுப்புறமாகவோ திருப்பத்தின் உட்புறமாகவோ சாய்த்தால்தான் வாகனம் நிலைகொள்ளும். இடுப்பு, முழங்கால், தோள், கைப்பிடி வலிமை ஆகிய அனைத்தும் இதற்குத் தேவை.

ஸ்கூட்டரில் கைப்பிடியை முறுக்கி வேகத்தைக் கூட்டுகிறோம். குவாட் பைக்கிலோ கட்டைவிரலால் ஒரு நெம்புகோலை அழுத்த வேண்டும். பயத்தில் கைப்பிடியை இறுகப் பற்றுபவர் அறியாமலேயே வேகத்தைக் கூட்டிவிடுவதுண்டு. ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவர் தடுமாறும்போது காலைத் தரையில் ஊன்றுவார். குவாட் பைக்கில் அவ்வாறு செய்தால் பின்சக்கரம் அக்காலின் மீதே ஏறக்கூடும்.

பெரியவர்களுக்கான குவாட் பைக் பொதுவாக 200 கிலோவுக்கும் மேற்பட்ட எடை கொண்டது. கவிழும்போது ஓட்டுநர் அதன் அடியில் சிக்கினால் மார்பு அழுத்தப்பட்டு மூச்சுத் திணறல் ஏற்படலாம். இக்காரணத்தால் ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல், பொதுப் பயன்பாட்டுக்கென விற்கப்படும் புதிய குவாட் பைக்குகளில் ஓட்டுநரைக் காக்கும் சட்டகம் பொருத்துவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

யார் இச்சவாரியைத் தவிர்க்க வேண்டும்?

• கர்ப்பிணிகள்: கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் தவிர்க்க வேண்டும். வயிற்றில் அடிபட்டால் நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்து, தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து நேரலாம்.
• அண்மையில் அறுவை சிகிச்சை, மாரடைப்பு அல்லது பக்கவாதத்துக்கு உள்ளானவர்கள், அண்மையில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள்.
• வலிப்பு நோய் உள்ளவர்கள், திடீர் மயக்கம் வருபவர்கள்.
• எலும்புத் தேய்மானம், முதுகெலும்பு முறிவு, தண்டுவட வட்டு விலகல் உள்ளவர்கள்: எலும்பு வலுவிழந்திருந்தால், கீழே விழாமலேயே, பள்ளத்தில் ஏற்படும் குலுக்கலால் மட்டும்கூட முதுகெலும்பு முறியக்கூடும்.
• இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்கள்: சிறு அடியும் உள்ளே பெரும் இரத்தக்கசிவாக மாறலாம்.
• மண்ணீரல் அல்லது கல்லீரல் வீங்கியுள்ளவர்கள்.

மருத்துவரைக் கேட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டியவர்கள்

இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தியவர்கள்: நீங்கள் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரைகளை உட்கொண்டு வரலாம். சவாரியின்போது இரத்தக்கசிவு ஏற்படும் என்று அஞ்சி அவற்றை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டில் இரத்தம் உறைந்து மாரடைப்பு ஏற்படக்கூடும். மாத்திரையைத் தொடருங்கள், தேவையெனில் சவாரியைக் கைவிடுங்கள்.

நீரிழிவு நோயாளிகள்: இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகள் எடுத்துக்கொண்டு உணவைத் தாமதித்தால் சர்க்கரை அளவு திடீரெனக் குறையும். கைநடுக்கமும் வியர்வையும் சவாரியின் பரபரப்பால் வந்தவை என்று தவறாகக் கருதப்படலாம். உணவு உண்ட பின்னரே புறப்படுங்கள். சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொடியைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, சூடான புகைப்போக்கியில் கால் பட்டுத் தீப்புண் ஏற்பட்டாலும் தெரியாமல் போகும்.

நுரையீரல் நோயாளிகள்: வரிசையாகச் செல்லும் சவாரியில் பின்னால் வருபவர் முன்செல்லும் வாகனங்களின் புழுதியை முழுவதுமாகச் சுவாசிக்கிறார். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை உடன் வைத்திருக்க வேண்டும். மயிலாடி கல்சிற்பத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். கல் உடைத்தல், செதுக்குதல், மெருகேற்றுதல் ஆகிய பணிகளில் பல்லாண்டுகள் ஈடுபட்டோருக்குச் சிலிக்கா தூசியால் நுரையீரல் பாதிப்பு ஏற்பட்டிருக்கலாம். அத்தகையோர் புழுதி நிறைந்த பாதைகளைத் தவிர்ப்பது நல்லது.

கைகளில் மரத்துப்போதல் உள்ளவர்கள்: அதிரும் இயந்திரங்களை நீண்ட காலம் கையாண்டவர்களுக்கு விரல்களில் உணர்ச்சியும் பிடிவலிமையும் குறையலாம். பிரேக்கையும் வேக நெம்புகோலையும் அளவாக அழுத்த அவர்களால் இயலாமல் போகலாம்.

மயக்கம் தரும் மருந்துகளை உட்கொள்பவர்கள்: தூக்க மாத்திரை, சளிக்கான சில மாத்திரைகள், சில இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவை கவனத்தைக் குறைக்கலாம். மது அருந்தியவர் எக்காரணம் கொண்டும் ஓட்டக்கூடாது.

நீர் மாத்திரை உட்கொள்பவர்கள் வழியில் சிறுநீர் கழிக்க இடமிருக்காது என்று எண்ணிக் காலை மாத்திரையைத் தவிர்ப்பதும், நீர் அருந்தாதிருப்பதும் தவறு. பயண நாளில் மாத்திரை உட்கொள்ளும் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

குழந்தைகள்

16 வயதுக்கு உட்பட்டோர் இவ்வகை வாகனங்களை ஓட்டவோ அவற்றில் பயணிக்கவோ கூடாது என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. குழந்தையைத் தந்தையின் முன்புறம் அமர்த்திச் செல்வது பாதுகாப்பானதாகத் தோன்றலாம். ஆனால், வாகனம் திடீரென நின்றால் தந்தையின் எடையும் சேர்ந்து குழந்தையைக் கைப்பிடியின் மீது மோதச் செய்யும். அதனால் குழந்தையின் மண்ணீரல், கல்லீரல், கணையம் காயமடையலாம். வெளியில் சிறு கன்றலைத் தவிர வேறெதுவும் தெரியாமலும் இருக்கலாம். பெரும்பாலான குவாட் பைக்குகள் ஒருவர் மட்டுமே அமர்வதற்காக வடிவமைக்கப்பட்டவை. இருக்கை நீளமாக இருப்பது ஓட்டுநர் உடலை முன்னும் பின்னும் நகர்த்துவதற்காகவே. இன்னொருவரை ஏற்றுவதற்காக அன்று.

புறப்படுமுன் வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை

மத்திய சுற்றுலா அமைச்சகம் வெளியிட்ட 2018-ஆம் ஆண்டின் சாகசச் சுற்றுலா வழிகாட்டு நெறிகளில் ஏ.டி.வி. சவாரியும் இடம்பெற்றுள்ளது. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

1. முதலுதவிப் பயிற்சி பெற்றவர் உடன் வருகிறாரா? முதலுதவிப் பெட்டி எடுத்துச் செல்லப்படுகிறதா?
2. பாதை முழுவதும் கைப்பேசி இணைப்பு கிடைக்குமா? ஆம்புலன்ஸ் எந்த இடம் வரை வர இயலும்?
3. சமதளத்தில் ஓட்டிப் பழகுவதற்கு நேரம் தரப்படுமா?
4. குழுவில் மிக மெதுவாகச் செல்பவரின் வேகத்துக்கு ஏற்ப வழிகாட்டி செல்வாரா? பாதியில் திரும்ப இயலுமா?
5. பொதுச் சாலையில் செல்ல வேண்டியுள்ளதா? பதிவு செய்யப்படாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988 அனுமதிப்பதில்லை. மேலும் இதன் சக்கரங்கள் தார்ச்சாலைக்கு ஏற்றவையும் அல்ல.

விண்ணப்பப் படிவத்தில் உடல்நிலை குறித்துக் கேட்கப்பட்டால் உண்மையை எழுதுங்கள். சவாரி மறுக்கப்படும் என்று எண்ணி நோயை மறைத்தால், விபத்தின்போது சிகிச்சை அளிப்போருக்குத் தேவையான தகவல் கிடைக்காது. நோயின் பெயர், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

உடையும் தலைக்கவசமும்

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, தலைக்குப் பொருந்தும் தலைக்கவசத்தை அணிந்து தாடைப்பட்டையைப் பூட்டுங்கள். முழுக்கால் சட்டை, விரல்களை மூடிய காலணி, கண்ணாடி அவசியம். சேலை, துப்பட்டா, வேட்டி, தொங்கும் துண்டு ஆகியவை சக்கர அச்சில் சிக்கிக் கழுத்தை இறுக்கவோ, ஓட்டுநரைக் கீழே இழுக்கவோ கூடும். இவ்வுடைகளுடன் வாகனத்தில் ஏறக்கூடாது. நீண்ட கூந்தலை முடிந்து உள்ளே செருகிக்கொள்ளுங்கள்.

நெல்வயல் பகுதிகளில் கூடுதல் கவனம்

கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகிறது. கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு சாகுபடிக் காலங்களிலும் வயல்களில் நீர் நிற்கும். குளக்கரையும் கால்வாய்க்கரையும் மேலே உறுதியாகத் தோன்றினாலும், மழைக்குப் பின் ஓரம் சரியக்கூடும். வாகனத்துடன் நீரில் கவிழ்ந்தால், ஆழமில்லாத இடத்திலும் மூழ்கும் ஆபத்து உண்டு. கரையோரப் பாதைகளைத் தவிர்க்குமாறு வழிகாட்டியிடம் கூறுங்கள்.

சேற்று நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். தோலில் உள்ள சிராய்ப்பு வழியே கிருமி நுழைந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். காய்ச்சல், கடும் தசைவலி, கண் சிவத்தல் ஆகியவை பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களுக்குள் தோன்றும். சிலருக்கு ஒரு மாதம் வரையும் ஆகலாம். அப்போது சேற்று நீரில் இறங்கியதை மருத்துவரிடம் தவறாமல் தெரிவியுங்கள்.

விபத்து நேர்ந்தால்

• முதலில் இயந்திரத்தை அணையுங்கள். வாகனம் ஒருவரின் மார்பையோ கழுத்தையோ அழுத்திக்கொண்டிருந்தால், ஆம்புலன்ஸுக்காகக் காத்திராமல் பலர் சேர்ந்து தூக்கி விலக்குங்கள்.
• 108 எண்ணை அழையுங்கள். ஊர்ப்பெயருடன் அருகிலுள்ள கோயில், பள்ளி, குளம் போன்ற அடையாளத்தையும் கூறுங்கள். ஒருவரைச் சாலையில் நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டச் செய்யுங்கள்.
• கழுத்தையும் முதுகையும் அசைக்காதீர்கள். மூச்சுவிடத் தடையில்லாவிட்டால் தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். இருசக்கர வாகனத்தில் இருவருக்கு நடுவே அமர்த்திக் கொண்டுசெல்லாதீர்கள்.
• இரத்தம் கசியும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள்.
• பலத்த அடிபட்டவருக்கு உண்ணவோ பருகவோ எதுவும் தராதீர்கள்; அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.
• சிராய்ப்பை ஓடும் நீரிலும் சோப்பாலும் கழுவுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு ஆகியவற்றை வைக்காதீர்கள். மண் பட்ட காயத்துக்கு டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளத்தில் அமைந்துள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயர்சிகிச்சை பெறலாம். சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் செயல்பட்டு வருகிறது. வெளிமாநிலத்தவரும் இதன்கீழ்ப் பயன்பெறலாம். தனியார் தோட்டத்துக்குள் நேர்ந்த விபத்துக்கு இத்திட்டம் பொருந்துமா என்பதை மருத்துவமனையில் கேட்டறியுங்கள்.

“ஒன்றுமில்லை” என்று கூறினாலும் கவனியுங்கள்

சவாரியின் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம் என்று எண்ணிப் பலர் அடிபட்டதைச் சொல்வதில்லை. குழந்தைகள் திட்டு விழும் என்று மறைப்பர். முதியோர் பிறருக்குத் தொந்தரவு தர விரும்பமாட்டார்கள். விழுந்தவரைக் குறைந்தது 48 மணி நேரம் பராமரிப்பாளர் கவனித்து வர வேண்டும். பின்வரும் அறிகுறிகளுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

• திரும்பத் திரும்ப வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், குழப்பமான பேச்சு, வலிப்பு
• காது அல்லது மூக்கிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல்
• வயிற்றுவலி, வயிறு இறுகுதல், அடிபடாத இடது தோளில் வலி (மண்ணீரல் காயத்தின் அறிகுறியாக இருக்கலாம்)
• சிறுநீரில் இரத்தம்
• மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, தலைசுற்றல், உடல் வெளிறுதல்
• கை கால்களில் மரத்துப்போதல், பலவீனம், சிறுநீர் கழிக்க இயலாமை

இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்பவர் தலையில் அடிபட்டால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதியோருக்குத் தலைக்குள் ஏற்படும் மெதுவான இரத்தக்கசிவு சில வாரங்களுக்குப் பின்னரும் வெளிப்படலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெதுவாகச் சென்றால் ஆபத்து இல்லையல்லவா?
வேகம் குறைந்தால் ஆபத்து குறையும், நீங்காது. சரிவிலும் கரையோரத்திலும் மெதுவாகச் செல்லும்போதே வாகனம் கவிழலாம்.

சவாரி செய்ய இயலாதவர் என்ன செய்யலாம்?
இருக்கைப்பட்டை உள்ள வாகனத்தில் நல்ல சாலை வழியே அதே இடங்களைக் காணலாம். காலை வேளையில் சமதளப் பாதையில் நடந்தும் செல்லலாம். ஒருவர் தனித்து விடப்படாதவாறு குடும்பத்தினர் திட்டமிட வேண்டும். தாம் மட்டும் விடுபட்டுவிடுவோம் என்ற எண்ணமே பல நோயாளிகளை உடல்நிலைக்கு மீறிய சவாரிக்கு உட்படுத்துகிறது.

மேலும் ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். இத்தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாக அமையா.