திறந்த தரவு வலைவாசல்: பயனர் கருத்தும் பயன்பாட்டு எளிமையும்

அரசு மக்கள் பணத்தில் திரட்டிய புள்ளிவிவரங்களை யாரும் இலவசமாக எடுத்தாளும்படி வைக்கும் இணையதளமே திறந்த தரவு வலைவாசல். அமெரிக்கா 2009-இலும் பிரிட்டன் 2010-இலும் இதைத் தொடங்கின. இந்தியாவில் 2012-இல் தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கை வந்தது; அதே ஆண்டு தேசியத் தகவலியல் மையம் 'டேட்டா.கவ்.இன்' தளத்தைத் திறந்தது. துறைக்குக் குறைந்தது 5 முக்கியத் தரவுத் தொகுப்புகளையாவது மூன்று மாதத்துக்குள் ஏற்றச் சொன்னது கொள்கை. ஏற்றியவை எளிதில் பயன்படுகின்றனவா என்பதைத் தேடி வருபவர்தான் சொல்ல முடியும்.

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு உள்ள ஸ்ரீவைகுண்டத்தையே பார்க்கலாம். இந்த வட்டத்தின் நெல் சாகுபடியை நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்குத் தொகுக்க ஒரு மாணவர் முனைந்தால், முதலில் மாவட்டத்தைத்தான் தேட வேண்டும். 1986 அக்டோபர் வரை அது திருநெல்வேலி; பிறகு சிதம்பரனார் மாவட்டம்; அதன்பின் தூத்துக்குடி. ஏரல் தனி வட்டமாகப் பிரிந்ததும் ஸ்ரீவைகுண்டத்தின் பரப்பு ஒரேயடியாகக் குறைகிறது. விவரம் தெரியாதவர் விளைச்சலே படுத்துவிட்டதாக எழுதிவிடுவார்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் இரு துறைகளின் அட்டவணைகள் ஒன்றோடொன்று சேர மறுக்கின்றன. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவு ஒவ்வொரு கிராமத்துக்கும் வட்டத்துக்கும் தனிக் குறியீட்டு எண் தருகிறது. அந்த எண்ணையும் ஒரு பத்தியாகச் சேர்த்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும்.

கோப்பின் வடிவமும் அற்ப விஷயமல்ல. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சிக்கிக்கொண்டார்கள். அத்தகைய நாளின் மழையளவு வருடிய பி.டி.எஃப். பக்கமாகக் கிடைத்தால், ஆய்வாளர் ஒவ்வோர் எண்ணையும் கையால் தட்டச்ச வேண்டியதுதான். சி.எஸ்.வி. கோப்பாக இருந்தால் வரைபடத்தில் உடனே ஏற்றலாம்.

இத்தகைய குறைகளைச் சொல்லவும் புதிய தரவு கேட்கவும் இந்தியத் தளத்தில் வழி உண்டு. ஆனால் தளத்தை நடத்தும் மையம் எண்களைத் திருத்த முடியாது. எண்கள் துறைக்குச் சொந்தம். எனவே கருத்து துறையின் தரவு அலுவலரிடம் போய்ச் சேர்ந்தால்தான் பலன். 'தளம் சரியில்லை' என்ற புகாரை வைத்து அவரால் ஒன்றும் செய்ய இயலாது. 'இந்தக் கோப்பில் ஸ்ரீவைகுண்டம் வரிசையில் உள்ள பரப்பு ஏக்கரா, ஹெக்டேரா?' என்று கேட்டால் அன்றைக்கே பதில் சொல்லலாம்.

உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2017-இல் வெளியிட்ட பரிந்துரை இன்னும் ஒரு படி மேலே போகிறது: கருத்துகளைப் பெறுவதோடு அவற்றைப் பொதுவில் காட்டவும் சொல்கிறது. அப்படிச் செய்தால், ஏரல் பிரிந்த விவரம் ஒருவர் கேட்டதுமே கோப்பின் அருகில் குறிப்பாக ஏறிவிடும். அடுத்து வருபவர் அதையே மறுபடி கேட்டு எழுத வேண்டியிருக்காது.