எண்ணெய்க்கு முன்பே தூர் வாரிய ஊர்: துபாய்த் துறைமுகங்களின் கதை



படிவம் ஐந்து மாணவர்களுக்குத் துபாயின் உல்லாசக் கப்பல் முனையங்களைப் பற்றி ஒரு வாசிப்புப் பகுதி கொடுத்திருந்தேன். கடைசிக் கேள்வி இது: "துபாய் இவ்வளவு பெரிய துறைமுகங்களைக் கட்டியதற்குக் காரணம் என்ன?" 31 பேரில் 28 பேர் ஒரே பதிலைத்தான் எழுதியிருந்தார்கள். எண்ணெய் கிடைத்தது, பணம் வந்தது, துறைமுகம் கட்டினார்கள். நானும் சிவப்புப் பேனாவை எடுத்துச் சரி என்று போடப்போனேன். அப்புறம் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் கை நின்றுபோனது.

நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கப் படிக்க ஆண்டுகளைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

துபாயின் முதல் துறைமுகம் யாரும் கட்டியது இல்லை. கடல் நிலத்துக்குள் புகுந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளும் ஓர் உப்பங்கழிதான் அது. 1833இல் பனி யாஸ் குலத்தின் ஒரு பிரிவினர், சுமார் 800 பேர், அபுதாபியிலிருந்து பிரிந்து வந்து இந்தக் கழியின் வாயில் குடியேறினார்கள். முத்துக் குளிப்பதும் மீன் பிடிப்பதும்தான் பிழைப்பு. அந்தக் கரை முழுக்க இப்படிப்பட்ட ஊர்கள் பல இருந்தன. துபாய் எதில் வேறுபட்டது என்று கேட்டால், வரியில்.

20ஆம் நூற்றாண்டு பிறந்த கையோடு எதிர்க்கரையில், பாரசீகத்தின் லெங்கே துறைமுகத்தில், சுங்கத்தை இறுக்கினார்கள். அங்கிருந்த வணிகர்களுக்குத் தலைவலி. அப்போது துபாயை ஆண்ட ஷேக் மக்தூம் பின் ஹஷர் தன் ஊரில் வாங்கிவந்த ஐந்து விழுக்காட்டுச் சுங்கத்தை அடியோடு எடுத்துவிட்டார். விளைவு என்னவென்று நீங்களே ஊகிக்கலாம். வணிகர்கள் பெட்டி படுக்கையோடு கடலைத் தாண்டி வந்துவிட்டார்கள். அவர்கள் கட்டிய காற்றுக்கோபுர வீடுகள் அல் பஹிதி பகுதியில் இன்றும் நிற்கின்றன. பாரசீகத்தின் பஸ்தக் ஊரை நினைத்து அந்த இடத்துக்குப் பஸ்தகியா என்றும் பெயர் உண்டு. இந்திய வணிகர்களும் கழியின் கரையில் கடை போட்டார்கள். பம்பாயிலிருந்து பஸ்ராவுக்குப் போகும் பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் நீராவிக் கப்பல்களும் துபாயில் நிற்கத் தொடங்கின. இந்த நிறுவனத்தின் பெயரை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

1929க்குப் பிறகு அடி மேல் அடி. உலகப் பொருளாதாரம் சரிந்தது, ஜப்பானின் வளர்ப்பு முத்து மலிவாகச் சந்தைக்கு வந்தது, வளைகுடா முத்து விலைபோகவில்லை. முத்துத் தொழில் படுத்துவிட்டது. மிஞ்சியது வணிகம் மட்டுமே. அந்த வணிகத்துக்கு இருந்த ஒரே வாசலும் மெல்ல அடைபட்டுக்கொண்டிருந்தது. கழியின் வாயில் மணல் சேர்ந்து தூர்ந்துபோய், பெரிய கப்பல்கள் தூரத்தில் கடலிலேயே நங்கூரம் போட வேண்டியிருந்தது. சரக்கைச் சிறு படகுகளில் இறக்கிக் கரை சேர்த்தார்கள். பக்கத்து ஷார்ஜாவுக்கும் இதே நோய்தான். அவர்களுடைய கழியும் தூர்ந்துகொண்டிருந்தது, அங்கிருந்த வணிகமும் நகரத் தொடங்கியது.

இந்த இடத்தில்தான் ஷேக் ரஷீத் பின் சயீத் வருகிறார். 1958இல் முறைப்படி ஆட்சிக்கு வந்தாலும், அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே நிர்வாகம் அவர் கையில்தான் இருந்தது. கழியைத் தூர் வார வேண்டும் என்பது அவருடைய முடிவு. ஹால்குரோ என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனம் ஆய்வு செய்து கொடுத்தது. பணம்? ஊரில் எண்ணெய் இல்லை. குவைத்திடம் கடன் வாங்கினார். போதாததற்கு உள்ளூர் வணிகர்களுக்குக் கடன் பத்திரம் விற்றார். 1959இல் வேலை தொடங்கி 1961க்குள் முதற்கட்டம் முடிந்தது. 7 அடி ஆழம் தேவைப்படும் கலங்கள் எந்த நேரமும் உள்ளே வந்துபோகலாம் என்ற நிலை வந்தது. இன்றைய கணக்கில் 7 அடி ஒன்றுமே இல்லை. அன்றைய பாய்மரக் கலங்களுக்கு அதுவே தாராளம்.

உள்ளே வந்த சரக்கெல்லாம் துபாய்க்காரர்கள் உண்டு உடுத்துவதற்கு அல்ல. பெரும்பகுதி மறு ஏற்றுமதி. தங்கம் அதில் முக்கியமானது. துபாயில் தங்கம் வாங்குவது சட்டப்படி சரி, அதே தங்கத்தை இந்தியக் கரையில் கள்ளத்தனமாக இறக்குவது குற்றம். அறுபதுகளில் இந்த வியாபாரம் கொழித்தது. பாடநூல்களில் இது அவ்வளவாக வராது. ஆனாலும் கழியைத் தூர் வாரியதால் பலன் பெற்றவர்களின் பட்டியலில் தங்க வணிகர்களை விட்டுவிட்டு எழுதினால் வரலாறு முழுமையாகாது என்பது என் கருத்து.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். துபாய்க் கடலில் எண்ணெய் கண்டுபிடித்தது 1966இல். முதல் ஏற்றுமதி 1969இல். உங்கள் தாளைப் பாருங்கள். தூர் வாரியது எண்ணெய் கிடைப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே முடிந்துவிட்டது. 28 பேரின் பதில் இங்கேதான் தடுமாறுகிறது.

எண்ணெய்க்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. அடுத்த இரண்டு துறைமுகங்களையும் எண்ணெய்ப் பணம் இல்லாமல் அந்த வேகத்தில் கட்டியிருக்க முடியாது. நகரை ஒட்டிய கடற்கரையில் எழுந்த ரஷீத் துறைமுகத்தில் முதலில் நான்கு கப்பல்கள் நிற்க இடம் போதும் என்றுதான் திட்டம். கட்டிக்கொண்டிருக்கும்போதே சரக்கு வந்து குவிந்ததால் திட்டத்தைப் பல மடங்கு பெரிதாக்கினார்கள். 1972இல் திறந்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 1971 டிசம்பர் 2ஆம் தேதி, ஐக்கிய அரபு சிற்றரசுகள் என்ற நாடே பிறந்திருந்தது. 1970களின் இறுதிக்குள் ரஷீத் துறைமுகத்தில் 35 கப்பல்கள் நிற்க இடம் வந்துவிட்டது.

அதுவும் போதாதென்று நகரிலிருந்து 35 கிலோமீட்டர் தள்ளி, பாலைவனத்தைக் குடைந்து ஜெபல் அலி துறைமுகத்தைத் தொடங்கினார்கள். இயற்கையான குடா எதுவும் அங்கே இல்லை. மனிதக் கையால் தோண்டியது. 67 கப்பல்கள் நிற்க இடம், 1979 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசி எலிசபெத் வந்து திறந்துவைத்தார். தொடக்க ஆண்டுகளில் ஜெபல் அலி பெரும்பாலும் காலியாகத்தான் கிடந்தது. இவ்வளவு பெரிசா எதுக்கு என்று கேட்டவர்கள் ஏராளம். துறைமுகம் மட்டும் இருந்தால் சரக்கு தானாக வந்துவிடாது. 1985இல் துறைமுகத்தை ஒட்டியே தீர்வையற்ற வணிக வளாகம் அமைத்து, வெளிநாட்டு நிறுவனங்கள் முழு உரிமையோடு தொழில் நடத்தலாம் என்று விதி செய்த பிறகுதான் நிலைமை மாறியது. எண்பது ஆண்டுகளுக்கு முன் ஷேக் மக்தூம் சுங்கத்தை எடுத்தாரே, அதே வித்தை.

சற்று முன் மறந்துவிடாதீர்கள் என்றேனே, பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம்? நம் வீடுகளில் பெரியவர்கள் ரஜூலா கப்பலைப் பற்றிப் பேசிக் கேட்டிருப்பீர்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். அதுவும் இந்த நிறுவனத்தின் கப்பல்தான். நம் தாத்தா பாட்டியை ஏற்றிவந்த கம்பெனியும் துபாய்க் கரையில் தபால் இறக்கிய கம்பெனியும் ஒன்றே. 1914இல் அது பி அண்ட் ஓ குழுமத்தோடு சேர்ந்தது. 2006இல் அந்த பி அண்ட் ஓ விற்பனைக்கு வந்தபோது வாங்கப் போட்டியிட்டவர்கள் இருவர். ஒருவர் சிங்கப்பூரின் பி.எஸ்.ஏ., மற்றவர் துபாயின் டிபி வேர்ல்ட். ஏலம் ஏற ஏற சிங்கப்பூர் விலகிக்கொண்டது. ஏறக்குறைய 390 கோடி பவுண்டுக்குத் துபாய் வாங்கியது. வகுப்பில் இதைச் சொன்னபோது பின்வரிசை மாணவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சரி, உல்லாசக் கப்பல்கள் எங்கே? சரக்குக் கப்பலுக்கும் பயணிகள் கப்பலுக்கும் வேண்டியவை வேறு வேறு. கொள்கலன்களுக்குப் பரந்த நிலமும் லாரிகள் ஓட அகலச் சாலையும் வேண்டும். நகர நெரிசல் ஆகாது. உல்லாசப் பயணிக்கோ இறங்கியதும் ஊர் வேண்டும், கடைத்தெரு வேண்டும், விமான நிலையம் பக்கத்தில் இருக்க வேண்டும். பலர் விமானத்தில் வந்து இங்கேதான் கப்பல் ஏறுகிறார்கள். ஆகவே நகரத்துக்குள் சிக்கிக்கொண்ட பழைய துறைமுகம் சரக்குக்குத் தொல்லை, பயணிகளுக்கு வசதி. ரஷீத் துறைமுகத்துக்கு நடந்தது இதுதான். 2001இல் அங்கே முதல் உல்லாசக் கப்பல் முனையம் வந்தது. 2008 வாக்கில் சரக்கு வேலைகளை ஜெபல் அலிக்கு மாற்றத் தொடங்கினார்கள். 2014இல் ஒரே நாளில் 14,000 பயணிகளைக் கையாளக்கூடிய ஹம்தான் பின் முகமது முனையம் திறந்தது. 2021இல் பாம் ஜுமைரா தீவுக்கு அருகே துபாய் ஹார்பர் என்ற இடத்தில் இன்னும் இரண்டு முனையங்கள். வெயில் தணியும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் அங்கே கூட்டம். கோடையில் அந்த வெயிலில் யார் போவார்கள்?

பினாங்கு மாணவர்களுக்கு இது புதிதல்ல. ஜார்ஜ்டவுனின் சுவெட்டன்ஹம் துறையில் இன்று நிற்பவை உல்லாசக் கப்பல்கள், கொள்கலன்கள் எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில்.

ரஷீத் துறைமுகத்தில் ஒரு பழைய கப்பல் நிரந்தரமாக நிற்கிறது: குவீன் எலிசபெத் 2. துபாய் அதை 2007இல் வாங்கியது, 2018இல் மிதக்கும் ஹோட்டலாகத் திறந்தது. 1967இல் ஸ்காட்லாந்தில் அந்தக் கப்பலைக் கடலில் இறக்கிவைத்தவரும் அரசி எலிசபெத்தான். ரஷீத் துறைமுகத்தின் சரக்கை எடுத்துக்கொண்ட ஜெபல் அலியைத் திறந்தவரும் அவர்தான்.

மற்ற சிற்றரசுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அபுதாபியில் ஸாயித் துறைமுகம் 1972இல் வந்தது. 2012இல் கலீஃபா துறைமுகம் திறந்ததும் கொள்கலன்கள் அங்கே போயின, பழைய இடத்தில் 2015இல் உல்லாசக் கப்பல் முனையம். அதே பாதை. ஆனால் அபுதாபி 1962லேயே எண்ணெய் ஏற்றுமதியைத் தொடங்கிவிட்டது. அங்கே எண்ணெய் முதலில், துறைமுகம் பிறகு. ஆக, கேள்வி அபுதாபியைப் பற்றியதாக இருந்திருந்தால் 28 பேருக்கும் மதிப்பெண் உண்டு. ஷார்ஜாவின் கோர் ஃபக்கான், ஃபுஜைரா இரண்டும் ஹோர்முஸ் நீரிணைக்கு வெளியே, ஓமான் வளைகுடாவில் இருக்கின்றன. நீரிணையில் சண்டை வந்தாலும் கப்பல் வரலாம் என்பதே அவற்றின் பலம். 2012இல் அபுதாபி எண்ணெய்க் குழாயை ஃபுஜைரா வரை இழுத்ததும் அதற்காகத்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. இந்தக் கட்டுரையிலுள்ள நிகழ்வுகளை ஆண்டு போடாமல் தனித்தனிச் சீட்டில் எழுதி, குழுவுக்கு ஒரு கட்டு கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். நான் செய்து பார்த்தேன். எல்லாக் குழுவும் "எண்ணெய் கண்டுபிடிப்பு" சீட்டைத் "தூர் வாரக் கடன்" சீட்டுக்கு முன்னால் வைத்தது. சரியான ஆண்டுகளைச் சொன்னதும் ஒரே சலசலப்பு. அப்போது வழக்கமாக வாய் திறக்காத ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், கடன் கொடுத்த குவைத்துக்குப் பணம் எங்கேருந்து வந்துச்சு?"

குவைத் 1946இல் எண்ணெய் ஏற்றுமதியைத் தொடங்கிய நாடு. அந்த 28 தாள்களையும் நான் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.