ஒமெலெக் தீவின் உப்பு: தனியார் ராக்கெட்டுகளின் தாமதமும் அதன் மீதான அவநம்பிக்கையும்

தனியார் ராக்கெட்டுகள் ஏன் சொன்ன தேதியில் கிளம்புவதில்லை? இந்தக் கேள்விக்கு இன்று பரவலாகப் புழங்கும் விடைக்கு வலுவான வடிவம் கொடுத்தவர்களில் ஆஷ்லி வான்ஸ் முக்கியமானவர். 2015இல் வெளிவந்த அவருடைய ஈலான் மஸ்க் வாழ்க்கை வரலாறு, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 1 ராக்கெட்டின் தாமதங்களை அதன் நிறுவனர் மஸ்க்கின் சுபாவத்தோடு பிணைத்து வாசிக்கிறது. மிகைநம்பிக்கை கொண்ட ஒரு மனிதர் எட்டாத தேதிகளை அறிவிக்கிறார், ஊழியர்கள் ராப்பகலாக உழைக்கிறார்கள், தேதி தவறுகிறது, ஊர் சிரிக்கிறது, கடைசியில் ராக்கெட் பறக்கிறது. கதையாகப் படிக்கச் சுவையானதுதான். வரலாறாக எடுத்துக்கொண்டால் இரண்டு இடங்களில் இடிக்கிறது. தாமதத்தில் மற்றவர்களுக்கு இருந்த பங்கு அதில் கரைந்துபோகிறது. சந்தேகப்பட்டவர்களோ விவரம் தெரியாதவர்களாகத் தோன்றுகிறார்கள்.

வான்ஸின் வாசிப்பு செல்லுபடியாகும் காலம் ஒன்று உண்டு. 2003 டிசம்பரில் வாஷிங்டன் தெருவில் ஃபால்கன் 1ஐக் கொண்டுவந்து நிறுத்திக் காட்டியபோது, அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஏவிவிடுவோம் என்ற பேச்சு இருந்தது. ஆனால் அதன் மெர்லின் எஞ்சினின் சோதனைகள் இழுத்தன. 2005 மே மாத இறுதியில்தான் கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க் தளத்தில் ராக்கெட்டை நிறுத்திவைத்தபடியே எஞ்சினைச் சில நொடிகள் எரித்துப் பார்க்க முடிந்தது. அதுவரையிலான தாமதத்துக்கு நிறுவனமே பொறுப்பு. சுபாவ விளக்கம் அங்கே போதும்.

அதற்குப் பிறகு போதாது. வாண்டன்பெர்க்கில் பக்கத்து ஏவுதளத்தில் அமெரிக்க விமானப்படையின் டைட்டன் 4 ராக்கெட், பாதுகாப்புத் துறையின் செயற்கைக்கோளுடன் காத்திருந்தது. அது கிளம்பும்வரை புதிய, சோதிக்கப்படாத ராக்கெட் எதுவும் அங்கிருந்து பறக்கக் கூடாது என்றது விமானப்படை. டைட்டன் கிளம்பியது 2005 அக்டோபர் 19. அதற்குள் ஸ்பேஸ்எக்ஸ் தன் மூட்டைமுடிச்சுகளோடு பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளின் குவாஜலின் பவழத்திட்டுக்கு, அங்குள்ள ஒமெலெக் என்ற சின்னஞ்சிறு தீவுக்கு, இடம்பெயர்ந்துவிட்டது. தளத்தின் உரிமையாளர் அரசு. முன்னுரிமை அரசின் சுமைக்கு. இதில் மஸ்க்கின் சுபாவத்துக்கு வேலையே இல்லை.

ஒமெலெக்கில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் வெவ்வேறு முகம். 2005 நவம்பர் 26: தரையிலிருந்த தொட்டியின் வால்வு ஒன்று திறந்திருந்ததால் திரவ ஆக்சிஜன் ஆவியாகித் தீர்ந்தது; மறுபடி நிரப்ப ஹவாயிலிருந்து வர வேண்டியிருந்தது. டிசம்பர் 19: காற்று பலமாக அடித்ததால் கைவிட்டார்கள், எரிபொருளை வெளியேற்றும்போது வால்வு பழுதாகி உள்ளே வெற்றிடம் உண்டாக, முதல் கட்டத்தின் தொட்டி நெளிந்தது. காலிப் பால் பாக்கெட்டை உறிஞ்சினால் உள்வாங்குமே, அப்படி. பிறகு பிப்ரவரியில் ஒரு முயற்சி. அதுவும் நடக்கவில்லை.

கடைசியில் ராக்கெட் கிளம்பியது 2006 மார்ச் 24இல் என்று நூல்கள் சொல்கின்றன. அது பன்னாட்டு நேரக் கணக்கு. தீவில் அப்போது மார்ச் 25 காலை பத்தரை மணி. ஏவுதல் தொடர்பான குறிப்புகளை ஒப்பிடுபவர்கள் இந்த ஒரு நாள் இடறலை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஃபால்கன் 1இன் நான்காம் ஏவுதலிலும் இதே குழப்பம் உண்டு. எஞ்சின் பகுதியில் பற்றிய தீ அரை நிமிடம் அளவில் எஞ்சினை நிறுத்தி, ராக்கெட்டைக் கடலோரத் திட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மேலே இருந்த ஃபால்கன்சாட்-2, விமானப்படை அகாடமி மாணவர்கள் செய்த சிறு செயற்கைக்கோள், தனியாகப் பறந்து வந்து தீவிலிருந்த ஸ்பேஸ்எக்ஸின் கொட்டகைக் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. ஏறக்குறைய முழுசாகவே கிடைத்ததாம்.

இந்தத் தோல்விக்கு இரண்டு பாடங்கள், அதாவது இரண்டு விளக்கங்கள், இருக்கின்றன. இக்கட்டுரையின் வாதம் அவற்றுக்கு இடையிலான வேறுபாட்டின் மீதே நிற்கிறது. முதல் பாடம், சில நாட்களில் மஸ்க் பொதுமேடையில் சொன்னது: ஏவுவதற்கு முந்தைய நாள் வேலை செய்த அனுபவமுள்ள தொழில்நுட்பப் பணியாளர், எரிபொருள் குழாயின் நட் ஒன்றைச் சரியாக முறுக்கவில்லை, அங்கே கசிந்த மண்ணெண்ணெய்தான் தீப்பற்றியது. இரண்டாம் பாடம், ஏவுதலுக்குப் பணம் கொடுத்த, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான தார்ப்பாவின் தலைமையில் நடந்த விசாரணை அதே ஆண்டின் நடுவில் சொன்னது: குற்றம் முறுக்கியவர் மீது இல்லை, அந்த அலுமினிய நட், தீவின் உப்புக்காற்றில் அரிப்பெடுத்து விரிசல் விட்டிருந்தது. அடுத்த ராக்கெட்டில் அந்த இடத்தில் துருப்பிடிக்காத எஃகு வந்தது.

வான்ஸ் இதை அறியாதவர் அல்லர். இரண்டு பாடங்களும் அவர் நூலிலேயே இருக்கின்றன. ஆனால் அவர் அதை முதலாளிக்கும் பணியாளர்களுக்கும் இடையில் மூண்ட மனக்கசப்பாக எழுதி முடித்துவிடுகிறார். யார் மீது பழி விழுந்தது என்பதே அவருக்கு முக்கியம். பழி நீங்கியதோடு அத்தியாயம் தீர்ந்துவிடுகிறது. உப்பு அங்கே ஒரு துணைத்தகவல்.

உண்மையில் உப்புதான் மையம். முதல் பாடத்தில் தோல்வி ஒரு நாளில், ஒரு கையில் நிகழ்ந்தது. இரண்டாவதில் அது வாரக்கணக்கில், யாரும் தொடாமலே வளர்ந்தது. ராக்கெட் கடலோரத்தில் காத்திருந்த காலமே அதை அரித்தது. அதாவது தாமதம் தோல்வியின் அறிகுறி மட்டுமல்ல. இந்த ஒரு நிகழ்வில் அது தோல்வியின் காரணங்களுள் ஒன்று. அந்தக் காத்திருப்பின் தொடக்கப் புள்ளியைத் தேடிப் போனால், வாண்டன்பெர்க்கில் டைட்டனுக்கு வழிவிட்டு நின்ற கோடைக்காலத்தில் போய் முட்டுகிறோம். குறிப்பிட்ட அந்த நட் எத்தனை வாரம் உப்பில் இருந்தது என்பதைத் துல்லியமாக நிறுவ இயலாது. இடையில் பழுதுபார்ப்பும் மாற்றங்களும் நடந்த காலம் அது. சங்கிலியின் இந்தக் கண்ணி பலவீனமானது என்று ஒருவர் வாதிட்டால் மறுப்பதற்கில்லை. தீவைத் தேர்ந்தெடுத்ததும், அங்கே அலுமினியத்தைத் திறந்தவெளியில் வைத்ததும் நிறுவனத்தின் முடிவுதானே என்றும் கேட்கலாம். கேட்டாலும் சுபாவ விளக்கம் மீண்டும் எழுந்து நிற்காது. உப்புக்காற்றுக்கு யாருடைய மிகைநம்பிக்கையும் தெரியாது.

இனி சந்தேகப்பட்டவர்கள் பக்கம். 2003இல் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார் என்றால் அவர் கண்முன் ஓர் ஆவணக் குவியலே இருந்தது. டெக்சாஸின் மட்டகோர்டா தீவில் 1981இல் பெர்ஷரான் ராக்கெட் சோதனையிலேயே வெடித்தது. மறு ஆண்டு அதே நிறுவனத்தின் கோனஸ்டோகா விண்வெளியைத் தொட்டுத் திரும்பியது; 1995இல் அந்தப் பெயரிலேயே வந்த பெரிய ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. 1989இல் ஆம்ராக் நிறுவனத்தின் ராக்கெட் வாண்டன்பெர்க் தளத்தைவிட்டு எழவே இல்லை. வங்கியாளர் ஆண்ட்ரூ பீல் தொடங்கிய நிறுவனம், அரசே பணம் கொடுக்கும் போட்டியாளர்களோடு மோத முடியாது என்று சொல்லி 2000இல் கடையை மூடியது. டெக்சாஸ் மெக்கிரகரில் அது விட்டுச்சென்ற சோதனைத்தளத்தில்தான் பின்னர் மெர்லின் எஞ்சின்கள் எரிந்தன. கிஸ்லர் நிறுவனத்தின் கே-1 ஒருமுறைகூடப் பறக்கவில்லை. இந்த வரிசையைப் படித்தவர் சந்தேகப்படாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். கடைசியில் வென்ற ஒருவரின் வாழ்க்கையை எழுதும்போது தோற்றவர்கள் எல்லாரும் பின்னணியாகச் சுருங்கிவிடுகிறார்கள். வாழ்க்கை வரலாறு என்ற வடிவத்தின் குறை இது; வான்ஸின் தனிக்குறை என்று சொல்ல முடியாது.

ஃபால்கன் 1 மேலும் இருமுறை தோற்று, 2008 செப்டம்பர் 28இல் சுற்றுப்பாதையை எட்டியது. அந்த டிசம்பரிலேயே நாசா 160 கோடி டாலருக்கு 12 சரக்குப் பயணங்களை ஸ்பேஸ்எக்ஸுக்கு ஒப்பந்தம் செய்தது. இதன்பின் அவநம்பிக்கையின் தன்மை மாறுகிறது. இவர்களால் முடியுமா என்று கேட்டவர்கள், எப்போது முடிப்பார்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். இந்த மாற்றம் எல்லாரிடமும் ஒரே நேரத்தில் வரவில்லை. நிலவில் நடந்த நீல் ஆம்ஸ்ட்ராங்கும் யூஜீன் செர்னனும் தனியாரை நம்பும் திட்டத்துக்கு எதிராக 2010 மே மாதம் அமெரிக்க செனட் குழுவின் முன் தங்கள் ஆட்சேபணையைப் பதிவுசெய்தார்கள். 2014இல்கூட நாசாவின் தலைவர் சார்லஸ் போல்டன், ஸ்பேஸ்எக்ஸின் பெரிய ராக்கெட்டான ஃபால்கன் ஹெவி இன்னும் வரைபலகையில் இருப்பது, நாசாவின் சொந்த எஸ்எல்எஸ் ராக்கெட்தான் நிஜம் என்ற பொருளில் பேசினார்.

அந்தப் பேச்சு பின்னாளில் கேலிக்கு ஆளானது. ஆனால் சொன்ன நேரத்தில் அவரிடம் நியாயம் இருந்தது. ஃபால்கன் ஹெவியை 2011 ஏப்ரலில் அறிவித்தபோது 2013இல் பறக்கும் என்றார்கள். அது பறந்தது 2018 பிப்ரவரி 6இல். நடுவில் நடுத்தண்டை ஏறக்குறைய புதிதாக வடிவமைக்க வேண்டியிருந்தது. 2015இலும் 2016இலும் ஃபால்கன் 9 விபத்துகள் வந்தன. ஃபால்கன் 9இன் திறனே கூடிக்கொண்டு போனதால் பெரிய ராக்கெட்டுக்கான தேவையும் குறைந்தது. எஸ்எல்எஸ்ஸோ, 2016 முடிவுக்குள் தயாராக வேண்டும் என்று 2010இன் சட்டமே கேட்டிருந்தும், 2022 நவம்பர் 16இல்தான் கிளம்பியது. யுஎல்ஏ நிறுவனத்தின் வல்கன் ராக்கெட் 2019க்குப் பதில் 2024 ஜனவரியிலும், புளூ ஆரிஜினின் நியூ க்ளென் 2020க்குப் பதில் 2025 ஜனவரியிலும், ஐரோப்பாவின் ஏரியன் 6 நான்காண்டு பிந்தி 2024 ஜூலையிலும் பறந்தன. இவற்றுள் எதிலும் மஸ்க் இல்லை. சென்னையின் அக்னிகுல் காஸ்மோஸ் 2024 மே 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அக்னிபாண் ராக்கெட்டை ஏவியபோதும், அதற்கு முன் நான்கு முயற்சிகள் கைவிடப்பட்டிருந்தன.

தாமதத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பங்கும் எழுதப்பட வேண்டியது. விண்வெளி வீரர்களைத் தனியார் விண்கலங்களில் அனுப்பும் திட்டத்துக்கு 2012 நிதியாண்டில் நாசா கேட்டது 85 கோடி டாலர். கிடைத்தது அதில் பாதிக்கும் குறைவு. 2017க்குத் திட்டமிட்ட பயணம் 2020 மே 30இல் நடந்தது. இந்த நிதிவெட்டு எத்தனை மாதத் தாமதமாக மாறியது என்று கணக்கிடுவது கடினம். பாராசூட் சோதனைகளும், 2019 ஏப்ரலில் தரைச்சோதனையில் டிராகன் கலம் வெடித்ததும் அதே இடைவெளிக்குள்தான் வருகின்றன.

அவநம்பிக்கை எப்போது விலகியது என்ற தேதி ஆகவே ஒன்றாக நிற்காது. பொதுமக்களுக்கு அது 2012 மேயில் டிராகன் விண்வெளி நிலையத்தைத் தொட்ட நாளாக இருக்கலாம். 2015 டிசம்பரில் ராக்கெட் தரையிறங்கிய இரவாகவும் இருக்கலாம். பணம் போட்டவர்களுக்கு அது இன்னும் முந்தையது என்பதற்கு ஓர் ஒப்பந்தம் சாட்சி. 2010 ஜூன் 4இல் ஃபால்கன் 9 முதன்முறை பறந்தது. இரண்டு வாரத்துக்குள், ஒரே ஒருமுறை பறந்திருந்த அந்த ராக்கெட்டை நம்பி, இரிடியம் நிறுவனம் தன் செயற்கைக்கோள்களை ஏவ 49.2 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டது. முதல் ஏவுதல் 2015இல் என்று பேச்சு. நடந்தது 2017 ஜனவரியில். இரிடியம் ஸ்பேஸ்எக்ஸைக் கைவிடவில்லை. 2019 ஜனவரிக்குள் எட்டு ஏவுதல்களில் 75 செயற்கைக்கோள்களும் மேலே போய்விட்டன.