கட்டற்ற தொடர்புசார் தரவுத்தளங்கள்

கணக்கு, சரக்கு, கூலி, விற்பனை போன்ற விவரங்களை ஒன்றோடொன்று பிணைந்த அட்டவணைகளாகச் சேமித்துத் தருபவை தொடர்புசார் தரவுத்தளங்கள். அவற்றுள் கட்டற்றவை என்று சொல்லப்படுபவற்றின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், உரிமக் கட்டணமின்றி நிறுவிக்கொள்ளலாம். தொழில் நிறுவனங்களில் அதிகம் புழங்குபவை மைஎஸ்கியூஎல், அதிலிருந்து பிரிந்த மரியாடிபி, போஸ்ட்கிரஸ், எஸ்கியூலைட் ஆகிய நான்கும். எது வேகமானது என்றுதான் பெரும்பாலோர் முதலில் கேட்கிறார்கள். ஒரு நிறுவனத்துக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. தவறான கணக்கை எது உள்ளே விட மறுக்கும்? அதன் உடைமை யார் கையில் இருக்கிறது? இவற்றின் வரலாறு பெரும்பாலும் இவ்விரு கேள்விகளைச் சுற்றியே நடந்திருக்கிறது.

அடிப்படை

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை வட்டாரம் நெசவுக்குப் பெயர் பெற்றது. பாவும் நூலும் கொடுத்து, வீட்டுத் தறிகளில் நெய்து வாங்கும் ஒரு மாஸ்டர் வீவரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். நோட்டில் ஒவ்வொரு வரியிலும் நெசவாளர் பெயர், ஊர், பாவு, நூல் எடை, கூலி, முன்பணம் என்று எல்லாம் திரும்பத் திரும்ப எழுதப்படும். முருகன் என்ற பெயரில் மூவர் இருந்தால், முன்பணம் எந்த முருகனுடையது என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும்.

தொடர்புசார் முறையில் ஒவ்வொரு நெசவாளரும் தனி எண்ணோடு ஓர் அட்டவணையில் ஒரே ஒருமுறை பதிவாவார். பாவு அட்டவணையும் கூலி அட்டவணையும் அந்த எண்ணைச் சுட்டும். முன்பணம் பாக்கியுள்ள ஒருவரின் பெயரை நீக்கப் பார்த்தால் தரவுத்தளம் மறுத்துவிடும். அயல் திறவுகோல் என்ற கட்டுப்பாடு இதற்காகவே இருக்கிறது. நெய்த துணி வந்ததைப் பதிவதும் அதற்கான கூலியை வரவு வைப்பதும் ஒரே பரிவர்த்தனை. நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையேல் இரண்டும் நடக்காது. நடுவில் மின்சாரம் போனாலும் துணி வந்து கூலி விடுபட்ட அரைகுறைக் கணக்கு உருவாகாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலை, ஒருமுறை உருக்கிய தொகுதிக்கு இடும் ஹீட் எண்ணையும் சோதனைச் சான்றிதழையும் லாரி பில்லையும் இணைப்பதும் இதே முறையில்தான்.

தோற்றம்

இந்த முறைக்கு அடித்தளமிட்டவர் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட். இதை முன்வைத்த அவருடைய கட்டுரை 1970 ஜூனில் வெளிவந்தது. 1981-இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. அக்கட்டுரையைப் படித்த மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் 1973-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இங்க்ரெஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் திட்டத்தில் எஸ்கியூஎல் என்ற வினவல் மொழி பிறந்தது. 1979-இல் ஆரக்கிள் அதை விற்பனைச் சரக்காக்கியது. ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் இங்க்ரெஸின் அடுத்த கட்டமாகப் போஸ்ட்கிரஸைத் தொடங்கினார். ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு மாணவர்கள் 1994-இல் அதற்கு எஸ்கியூஎல் மொழியைக் கற்றுக்கொடுத்தார்கள். 1996 முதல் உலகெங்கும் பரந்த ஒரு தன்னார்வக் குழுவே அதைப் பேணிவருகிறது.

இந்தியச் சிறுதொழில்கள் அந்தக் காலத்தில் டிபேஸ், ஃபாக்ஸ்புரோ ஆகிய தரவுத்தள மென்பொருள்களில் இருந்தன. உள்ளூர் புரோகிராமர்கள் எழுதிக் கொடுத்த பில்லிங், சம்பளப் பட்டியல், இருப்புக் கணக்கு நிரல்கள் பல ஆண்டுகள் நன்றாகவே உழைத்தன. 2007-இல் மைக்ரோசாஃப்ட், விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கு இனிப் புதிய பதிப்பு வராது என்று அறிவித்தது. 2015 ஜனவரியில் அதற்கான ஆதரவும் நின்றது. நிரல் சொந்தமாக இருந்தாலும் அடியில் இருந்த எஞ்சின் வேறொருவருடையது. உடைமை குறித்த கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

மைஎஸ்கியூஎல்லும் மின்வெட்டும்

மைக்கேல் விடேனியஸ், டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன் மூவரும் 1995-இல் ஸ்வீடனில் உருவாக்கிய மைஎஸ்கியூஎல், 2000-இல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்துக்கு மாறியது. லினக்ஸ், அப்பாச்சி, பிஹெச்பி ஆகியவற்றோடு சேர்ந்து மலிவான இணைய வழங்கிகள் பெரும்பாலானவற்றில் இடம்பிடித்தது. நிறுவுவது எளிது, விண்டோஸிலும் ஓடியது, படிப்பதில் வேகமாக இருந்தது.

அந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. தரவை வட்டில் எழுதிப் படிக்கும் அதன் பழைய சேமிப்பு எஞ்சினான மைஐசாமுக்குப் பரிவர்த்தனை தெரியாது. அயல் திறவுகோலை எழுதினால் பிழை என்றும் சொல்லாது, மதிக்கவும் செய்யாது. நீளமான பெயர் வந்தால் வெட்டிவிட்டு ஏற்றுக்கொள்ளும். ஒருவர் எழுதும்போது அட்டவணை முழுவதையும் பூட்டும். எல்லாவற்றையும்விட மோசமானது, எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் அட்டவணை பழுதாகி, பழுதுநீக்கும் கட்டளை கொடுக்கும்வரை திறக்காது. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழகத்தில் பல மணி நேர மின்வெட்டு நிலவியது. யுபிஎஸ் பேட்டரி தளர்ந்த ஓர் அலுவலகத்தில் இத்தகைய அட்டவணைகளை வைத்திருப்பது உண்மையிலேயே அபாயம்.

ஃபின்லாந்தின் ஹெய்க்கி டூரி எழுதிய இன்னோடிபி எஞ்சின் இக்குறைகளில் பெரும்பாலானவற்றைத் தீர்த்தது. 2010 இறுதியில் வந்த 5.5 பதிப்பில் அதுவே இயல்பு எஞ்சினானது. பிழையான மதிப்பைத் திருப்பியனுப்பும் கண்டிப்பு 2015-இன் 5.7 பதிப்பில் இயல்பானது. கூலி சுழியத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது போன்ற சரிபார்ப்பு விதிகளை மைஎஸ்கியூஎல் உண்மையாகவே கடைப்பிடிக்கத் தொடங்கியது 2019-இன் 8.0.16 பதிப்பில்தான். பழைய குறைகளை இன்றைய மைஎஸ்கியூஎல் மீது சுமத்துவது நியாயமாகாது. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நிரலை இன்னும் ஓட்டுபவர்கள், தங்கள் அட்டவணைகள் எந்த எஞ்சினில் இருக்கின்றன என்று அவசியம் பார்க்க வேண்டும். புதிய பதிப்புக்கு மாறியதாலேயே பழைய அட்டவணைகள் தாமாக இன்னோடிபிக்கு மாறிவிடுவதில்லை.

உடைமை மாற்றங்களும் மரியாடிபியும்

2005 அக்டோபரில் ஆரக்கிள், இன்னோடிபியை வைத்திருந்த இன்னோபேஸ் நிறுவனத்தை வாங்கியது. 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் மைஎஸ்கியூஎல் நிறுவனத்தை ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2010 ஜனவரியில் சன் நிறுவனமே ஆரக்கிளின் கைக்குப் போனது. கட்டணத் தரவுத்தளங்களின் மிகப் பெரிய விற்பனையாளர், தன் இலவசப் போட்டியாளரின் உரிமையாளரானார். ஐரோப்பிய ஆணையம் இதை விசாரித்து, ஆரக்கிள் அளித்த வாக்குறுதிகளுக்குப் பிறகு அனுமதித்தது. விடேனியஸ் 2009-இலேயே நிரலைப் பிரித்தெடுத்துத் தன் இளைய மகள் மரியாவின் பெயரில் மரியாடிபியைத் தொடங்கிவிட்டார். மூத்த மகள் மையின் பெயரில்தான் மைஎஸ்கியூஎல் இருந்தது.

இப்படிப் பிரித்தெடுக்க முடிந்ததே கட்டற்ற உரிமத்தின் பலன். ஃபாக்ஸ்புரோ பயனர்களுக்கு இந்த வழி இருக்கவில்லை. தொடக்கத்தில் மைஎஸ்கியூஎல்லும் மரியாடிபியும் ஒன்றுக்கொன்று மாற்றாக அப்படியே பொருந்தின. இன்று ஜேசன் தரவு, நகலெடுப்பு முறை போன்றவற்றில் விலகிவிட்டதால், ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் சோதிக்காமல் வைக்க முடியாது.

போஸ்ட்கிரஸ்

போஸ்ட்கிரஸை எந்த நிறுவனமும் சொந்தம் கொண்டாட முடியாது. அதன் உரிமம் மிகவும் தளர்வானது. மூடிய மென்பொருளுக்குள் வைத்து விற்கவும் இடம் தருகிறது. ஜிபிஎல் உரிமத்தில் வரும் மைஎஸ்கியூஎல்லை அப்படி உள்ளே வைத்து விற்பவர்கள் ஆரக்கிளிடம் தனி வணிக உரிமம் வாங்க வேண்டிவரும். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்கள் முதலில் மைஎஸ்கியூஎல்லுடன் வந்தன. பின்னர் போஸ்ட்கிரஸுடன் வரத் தொடங்கின.

கண்டிப்பில் போஸ்ட்கிரஸ் பல ஆண்டுகள் முன்னே நின்றது. சரிபார்ப்பு விதி, அயல் திறவுகோல், துல்லியமான தசம எண் எல்லாம் அதில் முன்பே இருந்தன. அட்டவணையின் அமைப்பை மாற்றுவதையே பரிவர்த்தனைக்குள் வைத்து, தவறினால் திரும்பப்பெறலாம் என்பது மென்பொருளைப் புதுப்பிக்கும் இரவுகளில் பெரிய நிம்மதி. அப்படியிருந்தும் சிறு நிறுவனங்களை அது தாமதமாகவே எட்டியது. விண்டோஸில் நேரடியாக ஓடும் பதிப்பு 2005 ஜனவரியில்தான் வந்தது. மைஎஸ்கியூஎல்லில் ஏற்கெனவே இருந்த நகலெடுப்பு வசதி, போஸ்ட்கிரஸுக்குள்ளேயே 2010-இன் 9.0 பதிப்பில் வந்தது.

அதன் முக்கியமான பலவீனம் குப்பை சேர்வது. ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி அட்டவணையிலேயே கிடக்கும்; புதியது தனியாக எழுதப்படும். பழையதைக் கூட்டிப் பெருக்க வேக்யூம் என்ற வேலை பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியோ பழைய வடிவத்தைத் தனிப் பதிவேட்டுக்கு ஒதுக்கிவிடுகிறது. நாள் முழுவதும் இருப்பு எண்ணிக்கை மாறிக்கொண்டிருக்கும் கிடங்கில் இந்த வேறுபாடு உணரப்படும். இதைப் பெருமளவு தணித்தவர் புனேயைச் சேர்ந்த பவன் தேவலசி. திருத்தப்பட்ட நெடுவரிசை எந்தச் சுட்டுவரிசையிலும் (இன்டெக்ஸ்) இல்லாவிட்டால், அதே பக்கத்தில் இடமிருக்கும்போது புதிய வரியை அங்கேயே வைத்து, சுட்டுவரிசைகளைத் தொடாமல் விடும் உத்தியின் நிரலை முதன்மையாக எழுதியவர் அவர். 2008-இன் 8.3 பதிப்பில் அது சேர்ந்தது. 2016-இன் 9.6 பதிப்பில் ஒரே வினவலைப் பல செயலிகளுக்குப் பகிரும் வசதியை உருவாக்கியவர்களில் அமித் கபிலாவும் ஒருவர். உலகம் முழுவதும் ஓடும் ஓர் எஞ்சினின் இதயப்பகுதியை இந்தியப் பொறியாளர்கள் எழுதியிருக்கிறார்கள் என்பதை நம் கல்லூரிகள் மாணவர்களுக்கு உரக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் உண்டு. போஸ்ட்கிரஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறையைத் தொடங்குகிறது. நூற்றுக்கணக்கான இணைப்புகள் வந்தால் நினைவகம் திணறும்; பிஜிபவுன்சர் போன்ற இடைநிலைக் கருவி தேவைப்படும். மைஎஸ்கியூஎல் இழைகளைப் பயன்படுத்துவதால் இந்தத் தொல்லை அங்கே குறைவு.

பெரிய அளவில் மைஎஸ்கியூஎல் தோற்றுவிடும் என்பதும் சரியில்லை. 2010-இல் சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்டெஸ்க் அதன் மீதுதான் வளர்ந்தது. சுமை ஏற ஏற முதலில் நினைவகத்தைக் கூட்டினார்கள். பிறகு படிப்பதற்கென நகல்களை வைத்தார்கள். கடைசியில் வாடிக்கையாளர் கணக்கு வாரியாகத் தரவைப் பல தரவுத்தளங்களுக்குப் பிரித்தார்கள்.

எஸ்கியூலைட்

ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட எஸ்கியூலைட்டுக்கு சர்வரே கிடையாது. தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு. ஆண்ட்ராய்டு கைபேசிகள் அனைத்திலும் அது இருக்கிறது. கிடங்கில் பார்கோடு வாசிக்கும் கருவிக்கும் ஒற்றைக் கணினிக் கடைக்கும் அது போதும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். தசம எண்ணுக்கென்று தனி வகை இல்லாததால் ரூபாயைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாகச் சேமிக்க வேண்டும். இல்லையென்றால் கூட்டுத்தொகையில் பைசா பிசகும்.

தேர்வும் சட்டமும்

நடைமுறையில் சிறு நிறுவனங்கள் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. மென்பொருளைத் தேர்ந்தெடுக்கின்றன, தரவுத்தளம் கூடவே வருகிறது. மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய இஆர்பிநெக்ஸ்ட் முதன்மையாக மரியாடிபியில் இயங்குகிறது. பெல்ஜியத்தின் ஓடூ போஸ்ட்கிரஸில் மட்டுமே இயங்கும். ஆகவே மென்பொருள் விற்பவரிடம் கேட்க வேண்டியவை வேறு. பேக்கப் எடுத்ததை மீட்டுக் காட்ட முடியுமா? அடுத்த பதிப்புக்கு யார் மாற்றித் தருவார்கள்? மைஎஸ்கியூஎல் 8.0-க்கான ஆதரவு 2026 ஏப்ரல் வரைதான். போஸ்ட்கிரஸின் ஒவ்வொரு முதன்மைப் பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆதரவு உண்டு. உரிமக் கட்டணம் இல்லாவிட்டாலும் இந்தப் பராமரிப்புக்கு ஆள் வேண்டும், சம்பளமும் வேண்டும்.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், ஜிஎஸ்டி மின் விலைப்பட்டியல் கட்டாயம் என்ற விதி 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேற்பட்டவர்கள் வரை இறங்கியது. 2023 ஏப்ரல் 1 முதல், நிறுவனச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவை அணைக்க முடியாதபடி வைக்க வேண்டும். மென்பொருளைத் தாண்டி நேரே தரவுத்தளத்துக்குள் நுழைந்து செய்யும் மாற்றங்களையும் தணிக்கையாளர்கள் இப்போது கேட்கிறார்கள். இங்கே வேறுபாடு கூர்மையாகிறது. மைஎஸ்கியூஎல்லின் தணிக்கைச் செருகுநிரல் கட்டணப் பதிப்பில்தான் உண்டு. மரியாடிபியில் அது இலவசமாகவே வருகிறது. அதோடு 2018-இன் 10.3 பதிப்பு முதல், ஓர் அட்டவணையின் பழைய நிலைகள் எல்லாவற்றையும் தானே காக்கும் வசதியும் இருக்கிறது. போஸ்ட்கிரஸுக்குப் பிஜிஆடிட் என்ற கட்டற்ற நீட்சி உண்டு. கும்மிடிப்பூண்டியின் பிரைவேட் லிமிடெட் ஆலைகளுக்கு இது உடனடி விஷயம். தனிநபர் உரிமையில் நடக்கும் தறிக்கூடங்களுக்கு இந்த விதி பொருந்தாது.

தமிழ் எழுத்தும் கல்வியும்

2005-இல் அமைந்த தேசியக் கட்டற்ற மென்பொருள் வள மையம் குரோம்பேட்டை ஏயு-கேபிசி ஆய்வு மையத்திலும் சென்னை சி-டாக்கிலும் இயங்கியது. 2012-இல் தொடங்கிய கணியம் இணைய இதழின் வழியே து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ நூல் இலவசமாகக் கிடைத்தது. ஆங்கிலக் கையேடு முன்னால் தயங்கிய மாணவருக்கு அது பெரிய உதவி.

தரவையே தமிழில் வைப்பவர்களுக்கு வேறு சிக்கல்கள் உண்டு. மைஎஸ்கியூஎல்லின் இயல்பு எழுத்துத்தொகுதி 8.0-க்கு முந்தைய பதிப்புகளில் லத்தீன்; அவற்றில் அமைப்பை மாற்றாமல் தமிழ்ப் பெயரை ஏற்றினால் கேள்விக்குறிகளே மிஞ்சும். யூனிகோட் எண் வரிசையில் அப்படியே அடுக்கினால் ன, ப-வுக்கு முன்னும், ற, ல-வுக்கு முன்னும் வந்துவிடும். கலாவுக்கு முன்னால் கற்பகமும் மயில்சாமிக்கு முன்னால் மனோகரனும் நிற்பார்கள். போஸ்ட்கிரஸில் 2017-இன் 10-ஆம் பதிப்பு முதல் ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தின் தமிழ் வரிசையைக் கேட்டுப் பெறலாம். 2019-இன் 12-ஆம் பதிப்பில் தமிழுக்கான சொல்லடிக் கருவியும் சேர்ந்தது. பெயர்ச்சொல்லின் வேற்றுமை உருபுகளைக் கழித்துத் தேட அது உதவுகிறது. மைஎஸ்கியூஎல்லிலும் மரியாடிபியிலும் இத்தகைய கருவி உள்ளமைப்பாக இல்லை.