காலரா நச்சு கண்டறியப்பட்ட வரலாறு

காலரா நச்சு என்பது விப்ரியோ காலரே என்னும் பாக்டீரியா மனிதரின் சிறுகுடலில் வெளியிடும் ஒரு புரதமாகும். காலரா நோயாளியின் உடலிலிருந்து நீர் பெருமளவில் வெளியேற இதுவே முதன்மைக் காரணம். எந்தக் கிருமி நோயை உண்டாக்குகிறது என்பது தெரிந்து 75 ஆண்டுகள் கழித்தே, எதைக் கொண்டு உண்டாக்குகிறது என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

கிருமியும் நஞ்சும்

ஜெர்மானிய மருத்துவர் இராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். அது ஒரு நஞ்சை வெளியிடுவதாகவும் கருதினார். ஆனால் விலங்குகளுக்கு அக்கிருமியைக் கொடுத்தபோது மனிதருக்கு வருவது போன்ற நோய் வரவில்லை. பின்வந்தோர் பலர் இறந்த கிருமியின் உடலிலிருந்து வெளிப்படும் நஞ்சையே தேடினர். அதனால் குடல் கவனிக்கப்படாமல் போயிற்று.

முயல் குடல் சோதனை

கல்கத்தாவைச் சேர்ந்த நோயியல் அறிஞர் சம்புநாத் தே (1915–1985) குடலிலேயே விடையைத் தேடினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் காலராக் கிருமிகளைச் செலுத்தினார். அப்பகுதி நீர் நிறைந்து வீங்கியது. இச்சோதனை 1953இல் வெளியானது.

வீக்கத்துக்குக் காரணம் கிருமியா, அது வெளியிடும் பொருளா என்ற கேள்வி எஞ்சியது. கிருமி வளர்ந்த நீர்மத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத வடிநீரை மட்டும் அவர் செலுத்தினார். குடல் அப்போதும் வீங்கியது. இம்முடிவு 1959இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. 1969இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த நச்சைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர்.

செயல்படும் விதம்

நச்சில் இரு வகைப் பகுதிகள் உள்ளன. ஒன்று குடல் செல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. மற்றது உள்ளே நுழைந்து, உப்பையும் அதனுடன் நீரையும் இடைவிடாது வெளியேறச் செய்கிறது. குடல் செல்கள் அழிவதில்லை. சர்க்கரையுடன் சேர்த்து உப்பை உறிஞ்சும் திறனும் குறைவதில்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் காலரா நோயாளிகளின் உயிரைக் காப்பது இதனால்தான்.

பிற்காலக் கண்டுபிடிப்புகள்

நச்சுக்குரிய மரபணு, பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ் மூலம் வந்தது என்பது 1996இல் தெரியவந்தது. அம்மரபணு இல்லாத விப்ரியோக்கள் காலராக் கொள்ளைநோயை உண்டாக்குவதில்லை.

இன்று ஒரு நோயூட்டும் காரணியை உறுதிசெய்ய, அதற்குரிய மரபணுவை நீக்கினால் நோய் குறைகிறதா, திரும்பச் சேர்த்தால் மீள்கிறதா என்று பார்க்கின்றனர். மரபணுவைக் கையாள வழியில்லாத காலத்தில், சம்புநாத் தே நூலையும் வடிகட்டியையும் கொண்டு கிருமியையும் நஞ்சையும் பிரித்துக் காட்டினார்.